எல்லைக்கு அந்தப் பக்கம் போகாத மெசேஜ்

என் பொன்னு அண்ணா,

நாளைக்கு உனக்கு நாற்பத்தொன்றாம் நாள். என்னென்ன வாங்க வேண்டும் என்று அம்மா எழுதித் தரச் சொன்னாள். வழக்கம்போல ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடிக்கத் தொடங்கினேன். அதை உன் மொபைலுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று நினைவு வந்ததும், லிஸ்டை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பாறசாலைப் பக்கத்தில் மொபைல் வாங்கிய முதல் கல்யாணச் சமையல்காரன் நீ. வாங்கின புதிதில் கலெக்டர் மாதிரி நடந்தாய். நெய்யாற்றின்கரை ஆபீஸிலிருந்து நான் மெயிலில் அனுப்பும் சாமான் லிஸ்ட் உன் போனில் மெசேஜாக வரும். நீ அனுப்புவது என் மெயிலில் விழும். நூற்றறுபது எழுத்தோடு அது முறிந்துவிடும். ஒருமுறை லிஸ்ட் சேனையோடு நின்றுபோய், முருங்கைக்காய் இல்லாமல் அவியல் வைத்துவிட்டு வந்து என்னைத் திட்டினாய்.

அப்பா உன்னை மலையாளப் பள்ளிக்கூடத்திலும் என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்தார். உன் எழுத்து எனக்குத் தெரியாது, என் எழுத்து உனக்குத் தெரியாது. மொபைலில் இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் என்பதால்தான் நாம் ஒருவருக்கொருவர் எழுதவே தொடங்கினோம். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது தெரிந்ததா நமக்கு?

என்னோடு வேலை பார்க்கும் சுரேஷின் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களைத் திருப்பி அனுப்பினாய். நான் பதினொரு நாள் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லிஸ்ட் மட்டும் அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தரைக்கு உன் மெசேஜ் வந்தது. "நான் செஞ்சது தப்பாக்கும். அவிய வீட்டில வரச்சொல்லு. கோவம் மாறிச்சா மக்கா?"

படித்ததும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கொஞ்சம் தவிக்கட்டுமே என்று விட்டுவிட்டேன். நிதானமாகச் சாப்பிட்டேன். மூன்று மணிக்குத்தான் பதில் அனுப்பினேன்.

அதற்குள் நீ காய்கறி வாங்கக் களியக்காவிளைச் சந்தைக்குப் போய்விட்டாய். கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் உன் போனுக்கு சிக்னல் கிடையாது. வேன் ஓட்டிய மணியன் மாமன் பிறகு சொன்னார், அந்தப் பக்கம் போகாமல் ஒரு மணி நேரம் டீக்கடையில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். "தங்கச்சி இப்ப அனுப்புவா" என்றாயாம். அதைக் கேட்ட பிறகு நான் எப்படிச் சோறு தின்கிறேன், சொல்லு?

சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆம்புலன்ஸ் எல்லை தாண்டி நம் பக்கம் ஏறியதும், என் மடியில் கிடந்த உன் சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது. என்ன சத்தம் என்று அம்மா கேட்டாள். அண்ணனுக்கு நான் அனுப்பினது என்றேன்.

அம்மா உன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "வாயிச்சுக் குடு மக்கா. அவன் கேக்கட்டு."

நான் வாசிக்கவில்லை, அண்ணா. வண்டியில் பெரியப்பாவும் மாமாவும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் உன்னிடம் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. போனை அணைத்துவிட்டேன். என்ன பிறவி நான்?

சுரேஷ் வீட்டில் வருஷம் திரும்பட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வந்து அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறார். உனக்கு அவரைப் பிடித்திருக்கும். போன் என் பெட்டியில் இருக்கிறது. அந்த மெசேஜை இன்னும் திறக்கவில்லை.

நாளைக்கு ஆட்கள் எல்லோரும் கூடியிருக்கும்போதே, வீட்டுக்குத் தெற்கே நீ கிடக்கும் இடத்துக்கு வாறேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும். போனைத் திறந்து உரக்க வாசிப்பேன்: "கோவமில்ல அண்ணா. சீக்கிரம் வா, சேந்து சோறு தின்னலாம்."

உன்னைக் காக்க வைத்த
உன் தங்கச்சி
லதா