இரண்டு விரல் வேலை

2024 பெப்ரவரி 11

மென்பொருள் ஒருவழியாக மடிக்கணினியில் இறங்கிவிட்டது. தரவைக் கொடுத்தால் தானே கற்றுக்கொள்ளுமாம், படமாகவும் காட்டுமாம். திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. நிரல் எழுதத் தேவையில்லை, இழுத்துப் போட்டால் போதும். எனக்கு வேண்டியதும் அதுதான். இரணைமடு வாய்க்கால் கரையில் உழவு இயந்திரம் என்மேல் புரண்டதிலிருந்து, கழுத்துக்குக் கீழே என் சொல் கேட்பவை வலக்கையில் இரண்டு விரல்கள் மட்டும்.

பெப்ரவரி 14

இன்று முதல் படம். ஒரு வட்டத்தை இழுத்துத் திரையில் போட்டேன், அது கோப்பு. இன்னொன்று புள்ளி வரைபடம். நடுவே கோடு இழுத்து இணைத்தால் தரவு அதன் வழியே போகிறது. பழகுவதற்கென்று அவர்களே வைத்திருக்கும் பூக்களின் அளவுகள். மூன்று நிறத்தில் புள்ளிகள் வந்து விழுந்தன. கத்திவிட்டேன். தங்கச்சி கௌசலா குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள், கட்டிலால் விழுந்துவிட்டேனோ என்று.

"வடிவாத்தான் கிடக்கு. இதுக்கோ இப்பிடிக் கத்தினனீங்கள்?"

சிரித்தாள். கனநாளைக்குப் பிறகு.

மார்ச் 3

அப்பாவின் தங்கை அமராவதி மாமி வந்திருந்தா. முள்ளியவளைச் சம்பந்தம். ஜனகன், மருந்துக்கடை வைத்திருக்கிறார். கௌசலாவுக்கும் பிடித்திருக்கிறது, முகத்தில் தெரிந்தது. மாமி குரலைத் தாழ்த்தியது சுவர் தாண்டியும் கேட்டது.

"அங்கை ஏற்கெனவே பெடியன்ரை தேப்பன் படுக்கையில, பிள்ளை. செந்தூரனையும் கூட்டிக்கொண்டு போக ஏலாது. நெளுக்குளம் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்காம்."

"அண்ணாவை அங்கை விட்டிட்டு நான் போகமாட்டன். இந்தக் கதையை இதோட விடுங்கோ, மாமி."

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. என்னைப் புரட்டிப் புரட்டியே — போதும்.

மார்ச் 5

கேட்டேவிட்டேன். "நான் உழைச்சா? இல்லத்தில இருந்தே உழைச்சா?"

அவள் உடுப்பை மடித்து முடித்தாள். "சும்மா முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்க விடமாட்டன். உங்களுக்கெண்டு ஒரு வேலை இருந்தா... அப்ப பாப்பம்."

ஏப்ரல் 9

இணையப் பாடத்தில், கிளை கிளையாகப் பிரிந்து முடிவு சொல்லும் மரம் வரை வந்துவிட்டேன். கனநேரம் ஒரே நிலையில் கிடந்து முதுகில் படுக்கைப்புண். மருந்து கட்டிய கௌசலா மடிக்கணினியை அலுமாரிக்குள் பூட்டிவிட்டாள்.

ஏப்ரல் 22

கொழும்பு நிறுவனமொன்று வீட்டிலிருந்து வேலை செய்ய ஆள் தேடுகிறது. முதலில் ஒரு சோதனை வேலை: எந்த வாடிக்கையாளர் விலகிப் போவார் என்று கணிக்க வேண்டும். கெஞ்சி அலுமாரியைத் திறப்பித்தேன்.

ஏப்ரல் 27

ஒன்றுகூடப் பிழையில்லை! நூற்றுக்கு நூறு! அனுப்பிவிட்டேன். கௌசலா பாயாசம் காய்ச்சி ஊட்டினாள். "உங்கட மூளைக்கு ஒண்டும் நடக்கேல்லை, அண்ணா."

மே 6

பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். கற்கக் கொடுத்த தரவையே சோதனைக்கும் கொடுத்திருக்கிறீர்கள், அதனால்தான் எல்லாம் சரியாக வந்தது, வேறொருவரைத் தெரிவுசெய்துவிட்டோம்.

விடையைக் காட்டிவிட்டு அதையே பரீட்சையில் கேட்டிருக்கிறேன். ஒரு பகுதியை ஒளித்து வைத்திருக்க வேண்டும். பாடத்தில் இருந்ததுதானே? அவசரத்தில தாண்டிப் போட்டன், விசரன்!

கௌசலா வாசலில் நின்றாள். "என்னவாம்?"

"என்னை வேலைக்கு எடுத்திட்டினம்."

எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சும்மா சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமிக்குத் தொலைபேசி எடுக்கும்வரை நேரம் இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 18

இல்லத்துக்கு வந்தாயிற்று. இங்கே என்னைப் பராமரிக்கப்போகும் மயில்வாகனத்திடம் கௌசலா எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். "வலப்பக்கம் கனநேரம் விடாதேங்கோ. தண்ணி வேணுமெண்டு கேக்கமாட்டார், நீங்களாக் குடுங்கோ." வாசல் வரை போனவள் திரும்பி வந்து போர்வையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 7

கல்யாணத்தைத் தொலைபேசியில் பார்த்தேன். தாலி கட்டும்போது இணைப்பு அறுந்துவிட்டது.

ஓகஸ்ட் 30

இப்போது தரவைப் பிரித்து வைத்துத்தான் சோதிக்கிறேன். நூறு வருவதில்லை. வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்தேன். ஒருவரும் பதில் போடவில்லை.

ஒக்ரோபர் 20

பின்னேரம் கௌசலா தொலைபேசி எடுத்தாள். மயில்வாகனம் தொலைபேசியைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றார். கடையில் அவளும் நிற்கிறாளாம். மாமனாருக்கு இப்போது பரவாயில்லையாம். "உங்கட வேலையைப் பற்றி இஞ்சை எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன்." இன்னும் ஏதோ சொல்ல இருந்தாள் போல. குரல் அப்படி இருந்தது.

"வேலை கூடவோ, அண்ணா?"

"ஓம். கொஞ்சம் கூடத்தான்."

"அப்ப நான் உங்கட நேரத்தை மினக்கெடுத்தேல்லை" என்று வைத்துவிட்டாள்.