ஆணி அடிக்கக் கூடாத சுவர்

பெரியப்பா,

நீங்கள் இப்போது சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் என்றால், உங்கள் படம். சந்தன மாலை உண்டு, சீரியல் லைட் உண்டு. சுவர்தான் இல்லை. கருமாதி முடிந்து நான்கு நாளாகியும் ஹாலில் ஊதுபத்தியை மீறி உங்கள் பாலிஷ் வாசம்தான் அடிக்கிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் முதலில் நிமிர்ந்து உங்களைத் தேடுகிறார்கள், பிறகு குனிந்து கும்பிடுகிறார்கள். நேற்று ஒரு மாமா உங்களைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்காரப் பார்த்தார்.

எல்லாம் அந்த மரச்சுவரால் வந்தது. சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, நான் ஆறாவது படித்தபோது? எல்லோரும் பந்திக்கு ஓட, நீங்கள் மட்டும் ஓட்டல் வரவேற்பறையின் மரப்பலகைச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றீர்கள். மாப்பிள்ளைகூட மணப்பெண்ணை அப்படிப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே எருமப்பட்டி வீட்டு ஹாலில் நான்கு சுவருக்கும் பலகை ஏறிவிட்டது.

வருகிறவர்களிடமெல்லாம் “தேக்குங்க” என்பீர்கள். உள்ளே ப்ளைவுட், மேலே அப்பளக் கனத்தில் தேக்குத் தோல். “தட்டிப் பாருங்க” என்று நீங்களே சொல்வீர்கள். தட்டக் கை நீட்டினால் “பைய, பைய!” என்று பதறுவீர்கள். கோழிப்பண்ணை வைத்திருந்த நீங்கள் அடைகாத்து நான் பார்த்தது அந்தச் சுவரை மட்டும்தான். பலகைக்குப் பின்னால் பல்லிகள் குடியேறின. எந்தத் திசையில் கத்துகிறது என்று தெரியாமல் பெரியம்மாவால் பலன் பார்க்கவும் முடியவில்லை.

பலகை ஏறிய அன்று, சுவரில் இருந்ததெல்லாம் இறங்கியது. காலண்டர் ஃப்ரிட்ஜுக்குப் போனது. செத்துப்போன தன் அம்மாவின் படத்தைப் பெரியம்மா பழைய வேட்டியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்.

“ஒரே ஒரு ஆணிங்க, அந்த மூலையில.”

“ஆணி அடிச்சா கைய ஒடச்சுப்போடுவேன். ஊடா இது, மளிகைக் கடையா?”

பெரியம்மா அப்புறம் கேட்கவில்லை. படம் கட்டிலுக்கு அடியில் போனது. ஒவ்வொரு அமாவாசைக்கும் முழங்கால் வலியோடு குனிந்து, இழுத்து, துடைத்து, கும்பிட்டு, மறுபடி உள்ளே தள்ளுவார். அந்த நேரத்தில் நீங்கள் பலகைக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அதற்காகத்தான் போன வருடம் அந்தச் சுவரில் ஓர் ஆணியை வரைந்தேன். ஆமாம், நான்தான். கறுப்பு ஸ்கெட்ச்சில் தலை, ஜெல் பேனாவில் ஒரு மினுக்கு, பென்சிலில் நிழல்.

“ஆர்றா அது! என்ற செவுத்துல ஆர்றா ஆணி அடிச்சது!”

கட்டிங் பிளேயரோடு வந்தீர்கள். இல்லாத ஆணியை நான்கு தடவை பிடுங்கினீர்கள். விரல் நீளத்துக்குத் தேக்குத் தோல் உரிந்து வந்தது. நான் எட்ட நின்று பச்சைப்பிள்ளை மாதிரி முழித்தேன். சமையலறையில் பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கியதை நீங்கள் பார்க்கவில்லை.

இன்று காலை அண்ணன் உங்களுக்கு ஓர் இடம் பிடிக்க சுத்தியலோடு சுவர் முன்னால் வந்து நின்றான். நின்றான், அவ்வளவுதான்.

“அப்பா வைவாரும்மா” என்றான். முப்பது வயது, இத்தனை பெரிய மீசை, கைவேறு நடுங்குகிறது.

“எப்படிண்ணா வந்து வைவாரு?” என்றேன். “வந்துட்டாருன்னா அப்புறம் படமே தேவையில்லையே!”

பெரியம்மா உள்ளே போய் அந்த வேட்டி மூட்டையோடு திரும்பினார்.

“அவரு படத்துக்கு ஆணி வேண்டாஞ் சாமி. அடிக்கக் கூடாதுன்னு சொன்னவரே அவருதான? சொன்னபடி கீழயே இருக்கட்டும்.” மூட்டையைப் பிரித்தார். “இதுக்கு அடி. எங்கம்மா அப்படியொண்ணுஞ் சொல்லல.”

“மூலையிலயாம்மா?”

“நடுவுல.”

“நடு ஹால்லயா? சனம் பாத்தா என்ன சொல்லும்?”

“சனம் பாக்கட்டும்னுதான் சொல்றேன்.”

அண்ணன் சுத்தியலை என் கையில் திணித்தான். “நீ அடி அம்மணி. உனக்குத்தான் பயமே கிடையாதே.”

முதல் அடி என் கட்டைவிரலில் விழுந்தது. இரண்டாவதில் ஆணி முழுசாக உள்ளே போய்விட்டது. பலகைக்குப் பின்னால் வெறும் காற்று. இத்தனை வருடம் நீங்கள் காவல் காத்தது அதைத்தான். நிஜச் சுவரைத் தொட மூன்றங்குலக் கான்கிரீட் ஆணி வேண்டியிருந்தது.

படம் ஏறியது. பெரியம்மா குனியாமல், நேராக நின்று, கை கூப்பினார். முகத்துக்கு நேரே அவருடைய அம்மா. பின்னால் நாற்காலியில் நீங்கள், மாமியாரை அண்ணாந்து பார்த்தபடி. யாருக்கும் உங்களைத் திருப்பி வைக்கத் தோன்றவில்லை.

விரல் நகம் கறுத்துவிட்டது. கேட்கிறவர்களிடமெல்லாம் சுத்தியல் வழுக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். வழுக்கவில்லை, பெரியப்பா. ஆணியை வைத்த நொடியில் உங்கள் குரல் காதில் கேட்டது. அண்ணனைக் கேலி செய்தேனே, அவன் கையிலிருந்த நடுக்கம்தான் என் கையிலும் இருந்தது. நகம் வளர்ந்து உதிர்ந்துவிடும். உங்கள் சுவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் கை தானாக முதுகுக்குப் பின்னால் போகிறதே, அது எப்போது உதிரும் என்றுதான் தெரியவில்லை.