பெஞ்சில் காத்திருந்தவளின் அம்மாவுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம்தான், அவருக்கு வழக்கம்போல முழங்கால் வலி, எனக்கு உன் மேல் கோபம். நீ நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் இந்தத் தடவை என் பேத்தி வாலுவின் கை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன், நீ அதற்கு அப்புறம்தான். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் மீட்டிங் இருக்கிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசை மேல் கிடக்கும், போக வர உன் கண்ணில் படும்.

போன வாரம் நீ என்ன சொன்னாய்? விளையாடும்போது விழுந்துவிட்டாள், சின்ன அடி, டாக்டர் சும்மா ஒரு கட்டுப் போட்டிருக்கிறார் என்றாய். நானும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை நான் வீடியோவில் கூப்பிட்டபோது வாலுதான் போனை எடுத்தாள். அம்மா எங்கேடி என்றேன், "டீச்சர் சமைக்கிறாங்க" என்றாள். எட்டு வயசில் என்ன கிண்டல் பார் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு, அதுவும் எழுதுகிற கை. அதற்குப் பெயர் சும்மா ஒரு கட்டா? அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன். பள்ளிக்கூடத்து ஏணிக் கம்பியிலிருந்து விழுந்தவள் நேராக நீ பாடம் நடத்துகிற வகுப்புக்கு ஓடி வந்திருக்கிறாள், வாசலில் நின்று அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். நீ அந்த ஊர்ப் பாஷையில், மற்ற பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி, ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு உட்கார் என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறாய். அன்றைக்கு ஆபீசில் வழக்கமாக இருக்கிற அம்மாள் லீவு, மாற்றுக்கு வந்தவளுக்கு இவள் யார் பிள்ளை என்று தெரியாது. அவள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துவிட்டு, பெற்றோரைக் கூப்பிடுகிறேன் என்று பள்ளிச் சேர்க்கைப் பாரத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறாள். அது உன் நம்பர். உன் போன் உன் கைப்பையில் அணைந்து கிடந்திருக்கிறது. முப்பது அடி தூரத்தில் நீ நின்று பாடம் நடத்துகிறாய், ஆபீஸ் உன்னையே தேடிக்கொண்டிருக்கிறது, பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பீரியட்.

எங்கம்மா அந்த ரூமில்தான் இருக்கிறாள் என்று ஏண்டி சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நன்றாகப் படி. "ஸ்கூல்ல நான் உனக்கு அம்மா இல்ல, டீச்சர், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கல்ல பாட்டி. கதவுல கண்ணாடி இருக்கு. அம்மா போர்டுல எழுதறது தெரிஞ்சுது. அதைப் பாத்துட்டே இருந்தேன்." படித்தாயா? இன்னொரு தடவை படி.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாது என்று சொல்லாதே. முதல் வருஷம், தலைமையாசிரியை கடைசி வரிசையில் நோட்டோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக்கொண்டே இருப்பாள், அன்றைக்கும் உட்கார்ந்திருந்தாள், சரி. இந்த வேலை போனால் விசாவும் போய் நீங்கள் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், அதுவும் சரி. மாப்பிள்ளை பட்டப்படிப்பை மடித்து வைத்துவிட்டுக் கிடங்கில் பெட்டி தூக்குகிறார், உள்ளே போனால் போனை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். நீ வாயைத் திறந்தாலே பின்வரிசைப் பையன்கள் உன்னைப்போலப் பேசிக் காட்டுகிறார்கள் என்று அழுதாய், குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பாடத்தைப் பத்துத் தடவை சொல்லிப் பார்க்கிறாய். பேசிக் காட்டட்டுமே, கணக்குக்கு விடை சரியாக வருகிறதா இல்லையா. இவ்வளவும் எனக்குத் தெரியும், அதனால்தான் மூன்று நாள் பொறுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தலைமையாசிரியை உன்னைப் போகாதே என்று சொன்னாளா? என் பிள்ளைக்கு அடிபட்டிருக்கிறது, ஐந்து நிமிஷம் என்று கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பாளா? நீ கேட்கவே இல்லை. அந்த ஊர்க்காரி யாராக இருந்தாலும் வாய் விட்டுக் கேட்டிருப்பாள். நம் வீட்டில் வளர்ந்தவளுக்குத்தான் அது தோன்றாது.

ஏன் தோன்றாது என்பதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. நீ ஏழாம் வகுப்பில் அப்பாவிடமே படித்தாயே, காய்ச்சலோடு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? மதியம் பெஞ்சிலேயே வாந்தி எடுத்தாய். வாத்தியார் மகளுக்குத் தனிச் சட்டமா, லீவு லெட்டர் கொண்டு வந்தால்தான் அனுப்புவேன் என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார் உங்கள் அப்பா. அந்தக் காய்ச்சலோடு தனியாக வீட்டுக்கு நடந்து வந்து லெட்டர் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பப் போனாய். மதிப்பிற்குரிய ஐயா என்று என் புருஷனுக்கு நான் எழுதினேன். வந்த பிள்ளையைப் படுக்க வைக்காமல், எழுதிக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் அவரிடம், நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டு விட்டிருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு "பள்ளிக்கூடத்துல நான் அவளுக்கு அப்பா இல்ல" என்றார். அதை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நீயே எத்தனை தடவை நடித்துக் காட்டியிருக்கிறாய், உங்கள் அப்பா மாதிரி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு. எல்லோரையும்விட நான்தான் அதிகமாகச் சிரிப்பேன், என் வீட்டுக்காரர் எவ்வளவு நேர்மையானவர் என்று பெருமை வேறு. அதில் சிரிக்க என்ன இருந்தது? பன்னிரண்டு வயசுப் பிள்ளை அப்பா முன்னாலேயே அப்பா இல்லாமல் நின்றிருக்கிறது. எனக்கு இது வாலு சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

போனை வைத்ததும் அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் உனக்குத்தான் பரிந்து பேசினார். அவள் செய்தது சரி, புது இடத்தில் சலுகை வாங்கக் கூடாது, இன்றைக்கு ஒன்று என்றால் நாளைக்குப் பத்து வரும் என்றார். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு மூட மாட்டேன், ஒரு பிள்ளையைக் கெடுத்தது போதாதா என்றேன். கெடுத்தது என்ற வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மூன்று நாளாகப் பேச்சு இல்லை, தட்டை வைப்பேன், சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். கீழ் வீட்டு டைலரம்மா நீ எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தாள், ரொம்ப நன்றாக இருக்கிறாள் என்று புளுகினேன். தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது, அதையும் நான்தான் ஆள் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது நான் சொல்வதைச் செய். பொம்மை வாங்கிக் கொடுத்து அவளைச் சரிக்கட்டாதே, அவள் அதற்கு மயங்குகிறவள் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே, அந்தப் பெஞ்சில், எல்லோரும் பார்க்க அவள் பக்கத்தில் போய் உட்கார். தப்புப் பண்ணிவிட்டேன் என்று நம் பாஷையில் அவளிடம் சொல். இங்கேயும் நான் உன் அம்மாதான், எங்கே வேண்டுமானாலும் கூப்பிடு என்று சொல். தலைமையாசிரியை பார்த்தால் பார்க்கட்டும், அவளையும் ஒருத்திதான் பெற்றிருப்பாள். இதோடு ஒரு லீவு லெட்டரும் வைத்திருக்கிறேன், சிரிக்காதே. என் மகளான இந்த ஆசிரியைக்குத் தன் பிள்ளையோடு ஒருநாள் வீட்டில் இருக்க விடுப்புத் தரும்படி கேட்டு எழுதியிருக்கிறேன். அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது, பரவாயில்லை, நீ படித்தால் போதும்.

வாலுவின் கட்டுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள். அரிக்கிறது என்று பென்சிலை உள்ளே விடுவாள், விடாதே. பாரத்தில் இரண்டாவது நம்பராக மாப்பிள்ளையின் கிடங்கு ஆபீஸ் நம்பரைக் கட்டாயம் எழுது, மறந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

உறையை ஒட்டப் போன நேரத்தில் உங்கள் அப்பா வந்தார். கேட்காமலே லீவு லெட்டரை எடுத்துப் படித்தார். இரண்டு இடத்தில் சிவப்பு மையால் என் பிழையைத் திருத்தினார், எனக்கு அப்போதும் எரிச்சல்தான் வந்தது. பெற்றோர் கையெழுத்து என்று கீழே போட்டிருந்தேன், அந்த இடத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னிடம் நீலப் பேனா கேட்டு வாங்கினார். பிரித்துப் பார், அங்கே இருப்பது என் கையெழுத்து இல்லை.

இப்படிக்கு,
எந்தப் பள்ளிக்கூடத்திலும் உன்
அம்மா