மங்கோலியா கூட்டத்தில் வாங்கிய ஆதார் ஜெராக்ஸ்

சனிக்கிழமை, ராத்திரி

மங்கோலியாவைப் பற்றி நான் பேசும் கூட்டத்துக்கு இன்றுதான் முதல்முறையாக நாற்காலி போதவில்லை. கல்வராயன் மலையிலிருந்து ஜனங்கள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஆதார் ஜெராக்ஸ். நோட்டீஸில் ஆட்டு மந்தைப் படம் போட்டது நான்தான். இலவச ஆடு தரும் கூட்டம் என்று நினைத்துவிட்டார்கள்.

மேடை ஏறும்போதே புரிந்துவிட்டது. ஆடு கிடையாது என்று சொன்னால் அரங்கம் காலியாகிவிடும். சொல்லவில்லை. மங்கோலியாப் பனியில் மந்தை மந்தையாக ஆடு சாவதை ஒரு மணி நேரம் பேசினேன், பாவி.

முடிந்ததும் ஒரு அம்மா ஜெராக்ஸை நீட்டினார். "அந்த ஆடுங்கோ பாவம் சார். எங்களுக்கு எப்ப குடுப்பீங்க?"

வாங்கிக்கொண்டேன். பின்னால் நின்றவர்களும் வரிசையாகக் கொடுத்தார்கள்.

கட்டு மேசைமேல் இருக்கிறது. மேல் தாளில் பேனாவால் எழுதியிருக்கிறது: சினை ஆடா குடுங்க.