விலாசத்தில் ஆள் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

நாங்கள் பட்டாணி என்று கூப்பிடும் குழந்தையைப் பெற்றவனுக்கு நீதிமன்றம் அனுப்பிய பதிவுத் தபால் திரும்பி வந்துவிட்டது. "விலாசத்தில் ஆள் இல்லை." இனி பேப்பரில் ஓர் அறிவிப்பு, முப்பது நாளில் அவன் வந்து ஆட்சேபிக்காவிட்டால் தத்து உறுதி என்றார் வக்கீலம்மா. பெற்றவள் மருத்துவமனையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். தகப்பனையும் கேட்டாக வேண்டும் என்ற சட்டம்தான் இத்தனை நாளாக எங்கள் தொண்டையில் முள். என் மனைவி வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பட்டாணிக்கு எட்டு மாதம். ஐந்து மாதமாக எங்களிடம் இருக்கிறாள்.

நான் அந்த உறையைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 5

அந்த விலாசம் எனக்குத் தெரியும். அச்சகத்தின் மேல்மாடி. நாலு வருஷம் நான் தபால் கொடுத்த தெரு. வாசல் பின்பக்கம், இரும்புப் படி. காலையில் இயந்திரம் ஓடும்போது கதவை உடைத்தாலும் உள்ளே கேட்காது. மதியம் அதை நிறுத்திய பிறகுதான் போக வேண்டும். உறையில் இருக்கும் கையெழுத்தும் தெரியும். தபால் ஆபீஸில் என் எதிர் மேசைக்காரன், இப்போது அந்தத் தெருவுக்குப் போகிறவன், முட்டிவலிக்காரன். படியேறாமலே எழுதியிருக்கிறான்.

அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நானும் எழுதியிருக்கிறேன், மழை நாளில், உடம்பு முடியாத நாளில்.

மார்ச் 6

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியும். சே.

மார்ச் 8

மனைவியிடம் சொன்னேன். பட்டாணியைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு அங்க இல்லாமலும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"அப்ப வாய மூடிக்கிட்டு இருங்க. பதினோரு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன். உங்க நேர்மைய ஆபீஸோட வச்சுக்கங்க."

அவள் சொன்னதில் என்ன தப்பு? என் ஆசையும் அதுதானே. குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது.

மார்ச் 10

வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். "உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிறீங்க, தெரியுதா?" என்றார். தெரிகிறது. நோட்டீஸை மறுபடி அனுப்பச் சொன்னேன். மேல்மாடி, பின்பக்கப் படி, மதியம் ஒரு மணிக்கு மேல் என்று உறையிலேயே எழுதச் சொன்னேன்.

மார்ச் 21

வாங்கிவிட்டான்.

ஏப்ரல் 3

ஆட்சேபம் தாக்கல் செய்திருக்கிறான். அந்த அச்சகத்திலேயே இரவு வேலை; தாள் வெட்டுகிறவன். குழந்தை இறந்தே பிறந்தது என்று பெற்றவளுடைய அண்ணன் சொல்ல, நம்பியிருக்கிறான். "நோட்டீஸைப் படிச்சுட்டு படியிலயே உக்காந்துட்டாராம்" என்றார் வக்கீலம்மா.

பொறுப்பில்லாதவன், ஓடிப்போனவன் என்று எத்தனை மாதம் அவனை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்! அவன் அழுதுகொண்டு இருந்திருக்கிறான்.

மே 16, வெள்ளி

தீர்ப்பு. அவன் அக்காவோடு வந்திருந்தான். ஒல்லி. சட்டையை அவனே தேய்த்திருப்பான் போல, கைமடிப்பில் இரண்டு கோடு. நீதிபதி ஏதோ கேட்டார். "என் பொண்ணுங்க ஐயா" என்றான்.

அவன் சம்மதமில்லாமல் தத்துக் கொடுக்க முடியாது. அவன் வீட்டைப் போய்ப் பார்த்த அதிகாரியும் குறை சொல்லவில்லை. நாளை குழந்தையை ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சரியாகத்தான் செய்தேனா? யாரைப் போய்க் கேட்பது? என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

மே 17

கொடுத்துவிட்டோம். அவன் தோளில் இருந்தபடி எங்களைப் பார்த்துக் கையை நீட்டினாள் ஐயோ

மே 19

வீட்டில் பேச்சு இல்லை. தட்டு வருகிறது, சாப்பிடுகிறேன், தட்டு போகிறது.

மே 20, செவ்வாய்

மதியம் போன் வந்தது. அவன்தான். பின்னால் பட்டாணியின் அழுகை. "ரெண்டு மணி நேரமா நிறுத்தல சார். என்ன பண்ணணும்னே தெரியல." அவன் குரலும் உடைந்திருந்தது.

அவள் அடுக்களையிலிருந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"தட்டாதீங்க. தட்டுனா புடிக்காது. நெஞ்சோட சாச்சு, காதுக்குப் பின்னால தடவுங்க... மெதுவா. நடந்துக்கிட்டே. நான் லைன்லயே இருக்கேன்."

நெடுநேரம் நின்றாள். அழுகை தேய்ந்து நின்றது எனக்கும் கேட்டது. "தூங்கிட்டாளா? இனிமே எப்ப வேணா கூப்பிடுங்க தம்பி" என்றாள்.

போனை என்னிடம் நீட்டினாள். நாலு நாளில் முதல் பேச்சு.

"அந்த நம்பரைப் போட்டு வைங்க."

"என்ன பேர்ல?"

"பட்டாணி வீடுன்னு போடுங்க."