கருப்பனுக்கு முந்தின மடக்கு

ஞாயிறு, இரவு.

அழகர்கோவில் பக்கத்துத் தோப்பில் இன்று கருப்பசாமிக்கு எங்கள் கிடாவெட்டு. ஆண்களுக்கு வழக்கம்போல் பிராந்தி. பெண்களுக்கென்று என் கணவர், விலை மலிவான, நுரை பொங்கும் வெள்ளை ஒயினை ஐஸ்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். டம்ளரில் குடித்தோம். மூக்கில் ஏறிய நுரைக்கு நானும் அண்ணியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

“கருப்பனுக்கே இன்னும் படைக்கல. அதுக்குள்ள பொட்டச்சிக்கு ஊத்திக் குடுக்குறியாடா?”

பிராந்தி நாற்றத்தோடு வந்த அப்பா, மாப்பிள்ளை என்றும் பாராமல் அவரைச் செவிட்டில் அறைந்தார். உதடு கிழிந்து டம்ளரில் ரத்தம் சொட்டியது.

“வேணாம் மாமா,” என்றார் அவர். அப்பா பாட்டிலை ஓங்கினார்.

கிடா வெட்டிய அரிவாள் கீழே கிடந்தது. பாய்ந்து எடுத்தேன். அண்ணி என்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

“நல்லவேள, ஒம் புருசன் எடுக்கிறதுக்குள்ள நீ எடுத்துட்ட.”

என் கணவர் அரிவாளைப் பார்க்கவே இல்லை. அதை எடுத்தபோது நான் அப்பாவின் கழுத்தைத்தான் பார்த்தேன்.