ஆரணி எங்கள் அணிக்கு வரவில்லை, அண்ணா

எனக்கு முன்னம் பிறந்து, எனக்கு முன்னமே போய்விட்ட என் அண்ணாவுக்கு,

முதலில் இதைக் கேள். உன் மகள் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். எனக்கு! சொந்த மாமிக்கு! சுவிஸில், பாசல் நகரத்தில், உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உன் படத்துக்கு நேர் எதிரே இருந்துகொண்டு சொன்னாள். அந்த விறைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. கையில் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தால் குடிக்க மறந்து அப்படியே இருக்கிறேன்.

அமெரிக்காவில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளர்; அணிக்கு ஆள் பிடிப்பதும் நான்தான். எங்கள் அணி பெரியதும் இல்லை, மோசமும் இல்லை, நடுவில் கிடக்கிறது. உயரமான பிள்ளைகள் எப்படியாவது கிடைத்துவிடுவார்கள். பிந்தி வளர்ந்தவள், மற்றவர்கள் கவனிக்காமல் விட்டவள் என்று ஒருத்தி வந்து சேருவாள். ஆனால் கார்ட்? பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தையே நடத்துகிற அந்த ஒருத்தி? அவள் கெட்டிக்காரி என்றால் சின்ன வயதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாங்கள் போய் மணியை அடிக்கும்போது, வாசலில் பெரிய கல்லூரிக்காரரின் சப்பாத்துகள் கழற்றிக் கிடக்கும்.

தப்பித் தவறி ஒருத்தி அகப்பட்டாலும் நிற்கிறாளா? கெய்லாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே. ஒருவரும் திரும்பிப் பார்க்காத சின்ன ஊர் ஒன்றிலிருந்து நான் கூட்டிவந்த பிள்ளை. ஒரு பருவம் எங்களுக்காகப் பேயாட்டம் ஆடினாள். முடிந்த கையோடு ஒரு பெரிய கல்லூரி கூப்பிட்டது, போய்விட்டாள். இப்போது கல்லூரி ஆட்டங்களின் விதி அப்படி, யாரும் எங்கேயும் மாறலாம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அதனால்தான் இந்த முறை, பாசலில் கார்டாக ஆடுகிற உன் மகள் ஆரணி. "இது என் இரத்தம், இவள் வராமல் எங்கே போவாள்?" என்று தலைமைப் பயிற்சியாளரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அந்த வாயை என்ன செய்ய?

வந்த மறுநாளே அண்ணி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் லீவு கேட்டு எடுத்துக்கொண்டு, விடிய எழும்பிச் சமைத்திருந்தார். ஆட்டிறைச்சி, கணவாய்ப் பிரட்டல், நண்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, பாயாசம். மேசையில் கை வைக்க இடமில்லை. எனக்கு முன்னமே ஒரு பெரிய கல்லூரிக்காரரும் ஆரணியைத் தேடி வந்து போனது எனக்குத் தெரியும், எந்தக் கல்லூரி என்றுதான் தெரியாது. "அந்தப் பெரிய கல்லூரிக்காரர் வந்தபோது என்ன குடுத்தனீங்கள் அண்ணி?" என்று கேட்டேன். "என்னத்தை? கோப்பியும் கடை பிஸ்கட்டும்தான்" என்றார்.

எனக்குள் ஒரே குதூகலம். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்! அடி மடைச்சி! மனம் நோகப்பண்ணப் போகிற ஆளுக்குத்தான் எங்கள் சனம் இப்படி அள்ளி அள்ளிப் போடும் என்று எனக்குத் தெரியாதா? அமெரிக்காவில் இருந்து இருந்து மண்டை அவிந்துவிட்டது. நானோ நண்டை உடைத்துக்கொண்டு, எங்கள் உள்ளரங்கைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் அளந்துகொண்டே இருந்தேன்.

பாயாசம் வந்தபோது ஆரணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாமி, கோவிக்காதேங்கோ. நான் உங்கட டீமுக்கு வரேல்ல."

நான் சிரித்தேன். பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன்.

"உங்கட மேட்ச் எல்லாம் பாத்தனான். உங்கட கோச் கரையில நிண்டு எல்லாத்தையும் கத்திச் சொல்லுறார். கார்ட் பந்தை வச்சுக்கொண்டு அவற்ற முகத்தைப் பாக்கிறாள். அப்ப ஆட்டத்தை நடத்துறது ஆர்? நான் நல்லா விளையாடினா ஒரு வருசத்தில ஆரும் பெரிய ஆக்கள் கூப்பிடுவினம். நான் போவன். போகமாட்டன் எண்டு உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது மாமி. பிறகேன் நான் ரெண்டு தரம் இடம் மாறவேணும்?"

"இதெல்லாம் உனக்கு ஆர் சொன்னது?"

"கெய்லாட்டக் கேட்டனான். அவ இருக்கிற டீமுக்குத்தான் போறன்."

ஐயோ அண்ணா! ஆர் என்று கேட்டாயா? கெய்லா! நான் தேடிப் பிடித்த பிள்ளை, நான் தேடி வந்த பிள்ளையைக் கொண்டுபோகிறாள். ஆரணி சொன்னதில் ஒரு சொல்லாவது பிழையாக இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். ஒன்றும் பிழையில்லை.

அதற்குமேல் அண்ணி ஒன்று கேட்டார். "கோவிக்காதையும் சுதா. இவள் அங்க வந்தாலும், படிக்கிற நாலு வருசமும் நீர் அங்க இருப்பீரோ?"

ஓம் என்று சொன்னால் அது பொய். தலைமைப் பயிற்சியாளர் வேறு இடம் பார்க்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் போனால் என்னையும் மாற்றக்கூடும். இல்லாவிட்டால் நானே மாறுவேன். போகிற வீடெல்லாம் "எங்கள் குடும்பத்துக்கு வாருங்கள்" என்று சொல்கிறோமே, அண்ணா, தகப்பனும் தாயும் இப்படி மாறிக்கொண்டிருந்தால் அது என்ன குடும்பம்? நல்ல கார்ட் ஒருத்தி யாரை நம்பி வருவாள்? பெரிய இடங்களிலும் ஆட்கள் மாறுவார்கள்தான். ஆனால் அங்கே பெயராவது மிஞ்சும். எங்களிடம் ஆளைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இதோடு முடிந்ததென்று நினைக்காதே. அடுத்த நாள் சூரிச் நகரத்தில், லாங்ஸ்ட்ராச என்கிற தெருவில், எங்கள் ஆட்களின் கடையொன்றில் மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு நின்றேன். தொலைபேசி அடித்தது. அந்தப் பெரிய கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளரேதான். "உங்கள் மருமகள் வருகிறாள். நீங்களும் எங்களிடம் வேலைக்கு வாருங்கள்" என்றார். நான் மிளகாய்த்தூள் பையைக் கீழே போட்டுவிட்டு அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். கடைக்கார அண்ணை ஓடி வந்து, நான் இருக்க ஒரு வெண்டிக்காய்ப் பெட்டியை இழுத்து வைத்தார். "என்ன தங்கச்சி, தலை சுத்துதோ? இதில இருங்கோ, இருங்கோ."

அங்கிருந்தே ஆரணிக்கு எடுத்தேன். "நீயோ கேட்டனீ?"

"ஓம் மாமி. அப்பாவும் இல்லை. அவ்வளவு தூரத்தில எனக்கு ஆர் இருக்கினம்? நீங்கள் பக்கத்தில இருந்தா நல்லம் எண்டு..."

கடையில் சனம் பார்க்கப் பார்க்க அழுதேன், அண்ணா. நீயென்றால் என்ன சொல்லியிருப்பாய்? போடி, போய் என் பிள்ளையோடு இரு என்று சொல்லியிருப்பாயா? எத்தனை தரம் கேட்டுப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அண்ணியோடும் ஆரணியோடும் திரிம்பாக் ஊர் அம்மன் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து காரடிக்கு வந்தபோது சொன்னேன்: "நான் அங்க வரேல்ல பிள்ளை."

இப்போது அவள் விறைத்துப்போனாள். "உங்களுக்கு விசரோ மாமி? இதை ஆரும் வேண்டாம் எண்டு சொல்லுவினமோ?"

"எங்கட இடத்தில ஒருத்தரும் நிக்கினமில்லை எண்டுதானே நீ வரேல்ல. போன வருசம் நான் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளையள் இருக்குதுகள். அதுகளின்ர தாய் தகப்பனும் என்னை நம்பித்தான் விட்டவை. ஒராளாவது நிண்டு பாக்கட்டும்."

அவள் காரில் ஏறி, வழியெல்லாம் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அண்ணி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உன் பிள்ளையைத் தனிய விட்டுவிட்டேனோ என்று எனக்கு இன்னும் நெஞ்சு பதைக்கிறது. நாளைக்குத் திரும்பிப் போகிறேன்.

வரும் குளிர்காலம் அவளுடைய அணியும் எங்கள் அணியும் மோதவேண்டும். அண்ணா, உன் மகளுக்கு இடக்கை ஆட்டம் இன்னும் வரவில்லை. வலப்பக்கம் வெட்டினால் பிடிக்க ஏலாது. இடப்பக்கம் தள்ளினால் பந்தை விட்டுவிடுவாள். அவளை ஆகா ஓகோ என்று புகழ்ந்து கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை அவளுக்குச் சொல்லவில்லை. நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஆட்டம் முழுக்க அவளை இடப்பக்கமே தள்ளுவார்கள். பந்து பறிபோகும். என்னைத் திரும்பிப் பார்த்து முறைப்பாள். அடுத்த முறை வரும்போது இடக்கையையும் பழகிக்கொண்டு வருவாள்.

தலைமைப் பயிற்சியாளர் போனாலும் நானாகப் போகமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு: நாலு வருடமும் அவள் எங்களுக்கு எதிராக இறங்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளர் வாங்கில் நான் இருப்பேன்.

உன் தங்கச்சி,
ஆரணியின் மாமி,
சுதா